இளைஞர் மன்றம் வீட்டுக்கு அனுப்பும் செயல்பாட்டுப் பை: என்ன வைக்கலாம், எப்படிச் சுற்ற விடலாம்

குடியாத்தம் பக்கத்தில் ஒரு ஊரில் இளைஞர் மன்றம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் மன்றத்தில் முப்பதாயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஊரில் நாலாவது முதல் எட்டாவது வரை படிக்கும் நூறு பிள்ளைகளுக்கு, வீட்டிலேயே கையால் செய்து பார்த்துப் படிக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு சயின்ஸ் கிட் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எது நல்ல கிட்? ஒரு விழா வைத்துக் கொடுத்துவிடலாமா?"

தம்பி, நூறு கிட் வாங்காதீர்கள். நீங்களே நாற்பது பை தயார் செய்து ஊருக்குள் சுற்ற விடுங்கள். இந்த ஞாயிறு ஒரு வீட்டுக்குப் போன பை அடுத்த ஞாயிறு இன்னொரு வீட்டுக்குப் போகட்டும். ஏன், எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன். இதில் பணத்தைவிட உங்கள் மன்றத்துப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரிய செலவு. அது வீணாகக் கூடாது.

கடையில் வாங்கும் கிட் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அது வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். முதல் நாள் பெட்டியைப் பிரித்து மோட்டாரைச் சுற்ற விடுவார்கள். இரண்டாம் நாள் தம்பியும் தங்கையும் சண்டை போட்டு ஒயரைப் பிய்ப்பார்கள். மூன்றாம் நாள் செல் தீர்ந்துபோகும், பெட்டி பரணுக்குப் போகும். "செய்தாயா? என்ன ஆச்சு?" என்று கேட்க யாரும் வரப்போவதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். பக்கத்துத் தெரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து, "என்னடா, நின்னுச்சா?" என்று கேட்பான் என்று தெரிந்தால் கதையே வேறு. கிட் விற்கும் எந்தக் கம்பெனியாலும் அந்த அண்ணனைப் பெட்டிக்குள் போட்டு அனுப்ப முடியாது. அவன் உங்களிடம்தான் இருக்கிறான். அவனை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இது புதிய யோசனை ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் ஃபோர்-ஹெச் என்று ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கான மன்றங்கள் இருக்கின்றன. 1902-ல் ஓஹியோ மாநிலத்தில் ஒரு கல்வி அதிகாரி பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்து மண் பரிசோதனை, மக்காச்சோளம் வளர்ப்பது என்று தொடங்கிய வேலைதான் பின்னால் இப்படி வளர்ந்தது. 'செய்து கற்பது' என்பதுதான் அவர்களுடைய கொள்கை. பெரியவர்கள் வேளாண் கல்லூரி சொன்ன புது முறைகளை நம்பத் தயங்கிய காலத்தில், பிள்ளைகள் வீட்டு நிலத்தின் ஒரு மூலையில் வளர்த்துக் காட்டினார்கள், அப்பாக்கள் பார்த்துக்கொண்டார்கள். 2020-ல் பள்ளிகள் மூடியபோது அங்கே பல மன்றங்கள் செயல்பாட்டுப் பைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பின. பை போன பிறகும் ஒரு மன்றத்து ஆள் அந்தப் பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்க முடிந்ததுதான் அதன் பலம்.

நம் பக்கத்திலும் இதற்கு வேர் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து இருக்கிறது, அவர்களுடைய 'துளிர்' இதழ் எத்தனையோ பிள்ளைகளை மொட்டைமாடிக்கும் தோட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறது. நாட்றம்பள்ளியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் குப்பத்தில் அகஸ்தியா அறக்கட்டளை இருக்கிறது. வண்டியில் ஆய்வகத்தை ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள். அரசு 2021-ல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. 2022-ல் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அறிவியல் சோதனைகள் செய்து காட்டும் வானவில் மன்றம் வந்தது. உங்கள் பள்ளியில் அந்தச் சோதனைகள் நடந்திருந்தால் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே சோதனையை நீங்களும் பையில் வைக்க வேண்டாம், அதன் அடுத்த படியை வையுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் மன்றத்தில் ஒழுங்காக வரக்கூடியவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் டீம் இருக்கிற மன்றத்துக்கு எட்டுப் பேர் கஷ்டமில்லை. எட்டுத் தலைப்பு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே மாதிரி ஐந்து பை, ஆக நாற்பது. ஒவ்வொருவருக்கும் அவரவர் தெருவில் ஐந்து வீடு. முதல் வாரம் ஒருவர் கையில் ஒரே தலைப்பில் ஐந்து பை இருக்கும், அதை ஐந்து வீட்டுக்குக் கொடுப்பார். அடுத்த ஞாயிறு திரும்ப வாங்கி, குறைந்ததை நிரப்பி, அந்த ஐந்தையும் அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார், அவருக்கு வேறு ஐந்து வரும். எட்டு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் எட்டுத் தலைப்பும் போய்விடும். ஒருவர் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும் என்பது இதில் பெரிய வசதி. எல்லோரும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் மூன்றாவது வாரமே ஆள் குறைந்துவிடும்.

பிள்ளைக்கு ஒரு பை என்று கணக்குப் போடாமல் வீட்டுக்கு ஒன்று என்று போடுங்கள். நாலாவது படிக்கிற தங்கையும் எட்டாவது படிக்கிற அண்ணனும் ஒரே பையில் கை வைக்கட்டும். நூறு பிள்ளை என்றால் ஏறத்தாழ ஐம்பது அறுபது வீடுதான் இருக்கும். நாற்பது போக மீதி வீடுகள் அடுத்த எட்டு வாரத்துக்கு. பைக்கு மஞ்சப்பை போதும், நம் ஊர்த் தையல்காரரே தைத்துத் தருவார்.

இப்போது உள்ளே என்ன வைப்பது. நான் முதலில் வைப்பது தீக்குச்சியும் வால்டியூபும்தான். 1978-ல் அரவிந்த் குப்தா என்ற ஐஐடி பொறியாளர், டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) வேலையிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச்சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் சேர்த்து அவர் கண்டுபிடித்த கட்டுமான விளையாட்டு இது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் சந்தையில் தேடி வாங்கியது உங்கள் ஊரில் வேண்டிய மட்டும் இருக்கிறது. தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து தோய்ப்பதற்கு முன்னால் உள்ள வெறுங்குச்சியைக் கேட்டு வாங்குங்கள். மருந்து வைத்த குச்சி ஒன்றுகூடப் பைக்குள் போகக் கூடாது.

செய்முறை இவ்வளவுதான். வால்டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு துண்டின் இரண்டு முனையிலும் முனைக்கு ஒரு குச்சியாகச் செருகினால், எந்தப் பக்கமும் வளைகிற ஒரு மூட்டு வந்துவிடும். மூன்று குச்சி, மூன்று மூட்டு, ஒரு முக்கோணம். அதை விரலால் அழுத்தினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். அட்டையில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தச் சதுரம் ஆடாமல் நிற்க இன்னும் எத்தனை குச்சி வேண்டும்? எங்கே வைப்பாய்?"

பிள்ளை ஒரு குச்சியைக் குறுக்கே வைக்கப் பார்க்கும், எட்டாது. இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூலைக்கு மூலை தூரம் பக்கத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு, தீக்குச்சி போதாது. விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கு உருவி, அளந்து ஒடித்துச் செருக வேண்டும். எட்டாவது படிக்கிற அண்ணனிடம் "எத்தனை மடங்கு நீளம்? உன் கணக்குப் புத்தகத்தில் இது எங்கே வருகிறது?" என்று கேட்டால் அவன் பிதாகரஸிடம் போய் நிற்பான். ஐந்து பக்கத்துக்கு இரண்டு குறுக்குக் குச்சி, ஆறு பக்கத்துக்கு மூன்று என்று செய்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மூட்டின் நடுவில் முள்ளால் ஓட்டை போட்டு மூன்றாவது குச்சியைக் கூராக்கிச் செருகினால் கனசதுரம் வரை போகலாம். பன்னிரண்டு குச்சியில் கனசதுரம் செய்தால் அது தள்ளாடும். சதுர முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குக் குச்சி என்று ஆறு வைத்த பிறகு கல் மாதிரி நிற்கும். ஊர் செல்போன் கோபுரத்தில் ஏன் அத்தனை குறுக்குக் கம்பி என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. முள்ளால் ஓட்டை போடும் வேலையை மட்டும் மன்றத்தில் உட்கார்ந்து நீங்களே செய்துவிடுங்கள்.

இரண்டாவது பை நிழல். ஒரு சாணுக்குக் குறைவான கம்பி, அதை நேராக நிறுத்த ஒரு பலகைத் துண்டு, வெள்ளைத் தாள், பென்சில், அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை பகல் 11:45-லிருந்து 12:45 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும். நடுவில் எல்லாம் திண்ணை நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம், நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சூரியனை நிமிர்ந்து பார்க்கவே கூடாது என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடுங்கள். மிகக் குட்டையான நிழல் எப்போது வந்தது? வேலூரில் ஆண்டின் பெரும்பகுதி அது சரியாக 12 மணிக்கு வராது, சற்றுப் பிந்தித்தான் வரும். நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கில். நாம் இருப்பதோ ஏறத்தாழ 79 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று சமூக அறிவியலில் மனப்பாடம் செய்த வரி அங்கே தாளில் புள்ளியாக இருக்கும்.

ஒரு பிள்ளை ஒரு நாள் அளந்தால் அவ்வளவுதான் கிடைக்கும். பை சுற்றினால்தான் மீதி கிடைக்கும். அதனால்தான் ஒவ்வொரு பையிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்கச் சொல்கிறேன். நோட்டு பிள்ளைக்குச் சொந்தமல்ல, பைக்குச் சொந்தம். இந்த வாரம் செய்த பிள்ளை ஒரு பக்கம் எழுதும், வரையும். அடுத்த வாரம் வேறு வீட்டுப் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் தன் பக்கத்தை எழுதும். நிழல் நோட்டில் மார்ச் மாதப் பக்கத்திலும் ஏப்ரல் பக்கத்திலும் நிழல் குட்டையாகிக்கொண்டே வருவது, வேறு வேறு கையெழுத்தில், தெரியும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி நண்பகலில் கம்பிக்கு நிழலே இருக்காது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடு வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. இதை எந்தப் பிள்ளையும் தனியாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் சேர்ந்துதான் கண்டுபிடிப்பார்கள்.

நோட்டில் எழுதுவதைத் திருத்தாதீர்கள். "நாலு குச்சி வெச்சா ஆடுது, குறுக்க ஈக்கு வெச்சேன் ஆடல" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது நல்ல அறிவியல் குறிப்பு. பென்சில் எடுத்து எழுத்துப்பிழைக்கு வட்டம் போட்டீர்கள் என்றால் அடுத்த பக்கம் வெறுமையாக வரும். நோட்டில் பக்கத்து வீட்டு அக்கா தப்பாகச் சொன்னதைத் தம்பி மறுத்து எழுதியிருந்தால் இன்னும் சந்தோஷப்படுங்கள்.

மூன்றாவதாக நான் விரும்பிச் சொல்வது கடையில் எதுவுமே வாங்கத் தேவையில்லாத பை. அதில் ஒரு நோட்டும் ஒரு கேள்வி அட்டையும்தான் இருக்கும்: "உன் வீட்டில் உள்ள பழைய காகிதங்களில் மாவட்டத்தின் பெயர் என்ன என்று இருக்கிறது?" தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனபோது நம் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் அந்தப் பெயர் இருக்கலாம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019-ல் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன. ஆம்பூர் மாமா வீட்டு ரேஷன் கார்டில் இன்று என்ன மாவட்டம் என்று ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இன்னும் பின்னால் போனால், 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இந்தப் பை அவரைப் பாடத்துக்குள் கொண்டுவந்துவிடும். எச்சரிக்கை ஒன்று: காகிதத்தை வீட்டுக்கு வெளியே எடுத்துவரக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, ஆதார் எண்ணையோ சர்வே எண்ணையோ நோட்டில் எழுதக் கூடாது. ஆண்டும் மாவட்டப் பெயரும் மட்டும் போதும்.

மழைமானிப் பையும் இதே மாதிரி மலிவு. ஒரு லிட்டர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, அதையே புனலாகத் தலைகீழாக உள்ளே செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போட வேண்டும். இதைச் செய்யாமல் அடியிலிருந்து அளந்தால் எல்லா அளவும் பொய். மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டிவிடலாம். 10 மில்லிமீட்டர் மழை 500 சதுர அடி மொட்டைமாடியில் பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் முப்பது குடம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஊரில், குழாயடியில் நிற்கிற அம்மாவிடம் பிள்ளை இந்தக் கணக்கைச் சொன்னால் அவர் நின்று கேட்பார்.

விளக்குப் பையில் கொஞ்சம் கவனம் வேண்டும். வெள்ளை எல்ஈடி ஒன்று, சின்ன டார்ச்சுக்குப் போடும் பென்சில் செல் இரண்டு, இரண்டு ஒயர் துண்டு. வேலூர் போகும்போது சாரதி மாளிகைப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள். எல்ஈடியின் நீளமான கால் பாசிட்டிவ் பக்கம். மாற்றி வைத்தால் எரியாது. 'ஏன் எரியவில்லை?' என்பதுதான் அட்டையில் கேள்வி. பட்டன் செல்லை மட்டும் தொடவே தொடாதீர்கள், கடைக் கிட்டுகளிலும் பொம்மைகளிலும் அது வருகிறது. வீட்டில் இருக்கும் கைக்குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்துபோகலாம். வீட்டுப் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒயரைக் கொண்டுபோகக் கூடாது என்பதை அட்டையில் எழுதினால் போதாது. கொடுக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும்.

மற்ற மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடி, நூல், ஈர்க்கு வைத்துத் தராசு. விதை முளைப்பு (விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் எந்தப் பருவத்துக்கு எந்த விதை என்று கேட்கலாம்). அப்புறம் குடியாத்தம் லுங்கித் துண்டு ஒன்றும் ஒரு லென்ஸும்: ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை, எத்தனை இழைக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது, கட்டம் எங்கே திரும்ப வருகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை இந்தப் பையில் மற்றவர்களுக்கு வாத்தியார் ஆகிவிடும். இதே மாதிரி தோல் துண்டும் வைக்கலாமே என்று பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதனிட்ட ரசாயனம் என்னவென்று தெரியாத தோல் பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது.

பை எந்த வீட்டுக்குப் போகிறது என்பதை யோசிக்காமல் பையை வடிவமைக்கக் கூடாது. உங்கள் பக்கம் நிறைய வீடுகளில் அம்மா பீடி சுற்றுவார். ஒற்றை அறை, நடுவில் முறம், முறத்தில் இலையும் தூளும் கத்தரியும், பக்கத்தில் கட்டி வைத்த கட்டுகள். தரையில் பரப்பி வைத்துச் செய்யும் சோதனைக்கு அங்கே இடமே கிடையாது. பரப்பினாலும் புகையிலைத் தூள் மேலே விழும். ஆகவே எந்தப் பையாக இருந்தாலும் மடியில் பரீட்சை அட்டையை வைத்து அதன்மேல் செய்து முடிக்கிற அளவில் இருக்கட்டும். திண்ணையிலோ மாடிப்படியிலோ உட்கார்ந்து செய்யலாம். "அம்மாவின் உதவியோடு" என்று அட்டையில் எழுதாதீர்கள். கணக்கு முடிக்க வேண்டிய பீடிக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது இன்னொரு சுமை, உதவ முடியாத பிள்ளைக்கு ஒரு குறை. அம்மா கையை எடுக்காமலே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக ஒன்று வையுங்கள்: "அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப எந்த மாசம் ஆத்துல தண்ணி வரும்?" இந்த மாதிரி.

க்யூஆர் கோடு ஒட்டி வீடியோ பார்க்கச் சொல்வதும் வேலைக்கு ஆகாது. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், ராத்திரிதான் திரும்பும். ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமங்களில் சிக்னலே பிரச்சினை. ஒரு பக்க அட்டை, பெரிய எழுத்து, கையால் வரைந்த படம் போதும். உங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் உருதுவும் பேசும் பிள்ளைகள் நிறைய. அந்த வீடுகளுக்குப் போகும் தம்பிக்கு அந்த மொழி தெரிந்திருந்தால் நல்லது. நோட்டில் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. நம் ஊர் மன்றங்களில் பெரும்பாலும் பையன்கள்தான் இருக்கிறார்கள். பையன்கள் மட்டும் வீடு வீடாகப் போனால் ஏழாவது எட்டாவது படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பை போய்ச் சேராது. போனாலும் வீட்டில் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த அக்காக்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பழகியவர்கள். அவர்களிடம் போய், "அக்கா, நீங்கள் வந்தால்தான் இது நடக்கும்" என்று கேளுங்கள். எட்டில் நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும், வெறும் உதவிக்கு வருபவர்களாக வைக்காமல் பொறுப்பாளர்களாகவே வையுங்கள். யாராக இருந்தாலும் வாசலில் நின்று, வீட்டுப் பெரியவர் முன்னிலையில்தான் பையைக் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். பிள்ளையைத் தனியாக எங்கும் கூப்பிடக் கூடாது, ஏரிக்கும் கிணற்றுக்கும் அனுப்பும் செயல்பாடு எதுவும் வேண்டாம். பையின் உள்பக்கம் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அச்சடித்துவிடுங்கள். இந்த விதிகளை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

திரும்ப வாங்கப் போகும்போது என்ன கேட்பது என்று நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை கையில் எடுக்கும். எங்கே தடுக்கிறது என்று அப்போது தெரியும். நீங்கள் கையை நீட்டிச் சரிசெய்யக் கூடாது, எவ்வளவு கை பரபரத்தாலும். "இங்க அழுத்தினா என்ன ஆகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நில்லுங்கள். ஒரு வீட்டில் ஐந்து நிமிடம் என்றால் ஐந்து வீடு அரை மணி நேரத்தில் முடியும். பையைத் திறக்கவே இல்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் திட்டாதீர்கள், பையையும் பிடுங்காதீர்கள், இன்னொரு வாரம் விட்டுவிட்டு வாருங்கள். ஐந்தில் ஒரு பை பிந்தினால் சுற்று ஒன்றும் நின்றுவிடாது.

பணத்தைப் பொறுத்தவரை, முப்பதாயிரத்தில் பாதியை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நாற்பது பையையும் மீதிப் பாதிக்குள் முடிக்கப் பாருங்கள், இந்தப் பொருட்களுக்கு முடியும். எடுத்து வைத்தது செல், வால்டியூப், நோட்டு, தொலைந்த லென்ஸ் என்று வாரா வாரம் போகும். தொலைந்ததற்குப் பிள்ளையிடம் காசு கேட்கக் கூடாது. பெயர் போட்டு டீ-சர்ட் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அந்தப் பணத்தில் இன்னும் ஐந்து பை வரும் என்று சொல்லுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.

விழாவைப் பற்றிக் கேட்டீர்கள். கொடுக்கும் அன்று வேண்டாம், எட்டு வாரம் முடிகிற சமயத்தில் வையுங்கள். எப்போது தொடங்குவது என்பதும் இதோடு சேர்ந்தது. வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருகிற சமயம் உங்கள் பக்கம் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், கோடை விடுமுறையில் பாதிப் பிள்ளைகள் பாட்டி ஊரில். ஜூன் மாதம் பள்ளி திறந்து கொஞ்சம் அடங்கட்டும். ஜூலை முதல் ஞாயிற்றில் தொடங்கினால் எட்டு வாரத்துக்குள் ஆகஸ்ட் 18 வந்துவிடும். ஏப்ரல் 24 மாதிரியே வேலூரில் நண்பகல் நிழல் மறையும் இன்னொரு நாள் அதை ஒட்டித்தான், நேரம் ஏறத்தாழ பகல் 12:17. மேகம் மூடிவிட்டால் மறுநாள் பார்க்கலாம், ஒரு நாள் முன்பின் ஆனால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பள்ளி நாளாக இருந்தால் நிழல் நோட்டு ஐந்தையும் எடுத்துக்கொண்டு பள்ளித் திடலுக்கே போய்விடலாம். தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லி அனுமதி வாங்கி வையுங்கள். அங்கே கொடிக்கம்பத்தின் நிழலைத்தான் பார்க்கப் போகிறோம், அது நேராக நிற்கிறதா என்று ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூக்குக்குண்டு விட்டு முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சாய்ந்த கம்பம் என்றால் நிழல் மறையாது, பிள்ளைகள் நம்மைத்தான் கேட்பார்கள்.